அடிவரியில் என்ன எழுதியிருக்கிறது?

வாசகர் கேள்வி – பதில்

இறப்புச் சான்றிதழ்களில் மருத்துவர்கள் எழுதும் காரணங்களைப் படித்து, அவற்றுக்கு உரிய குறியீட்டை இடும் வேலையில் 31 ஆண்டுகள் இருந்து 2022-இல் ஓய்வுபெற்றவர் இந்த மாதம் பதில் சொல்கிறார். பெருந்தொற்றுக் காலத்தில் சாவுகளை எப்படி எண்ணினார்கள் என்பது பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே.

அம்மா, சாவை எண்ணுவதில் அப்படி என்ன சிரமம்? இறந்தவர்களை ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டியதுதானே?
– ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்

ஐயா, யார் இறந்தார் என்பது செய்தி. எதனால் இறந்தார் என்பது ஒருவருடைய கருத்து. முதலாவதை எண்ண விரல்கள் போதும். இரண்டாவதை எண்ண ஒரு படிவம் வேண்டும், அதை நிரப்ப ஒரு மருத்துவர் வேண்டும், அந்த மருத்துவருக்குக் கொஞ்சம் தூக்கமும் வேண்டும். பெருந்தொற்றில் கடைசியாகச் சொன்னதுதான் கிடைக்கவில்லை.

படிவத்தைக் காட்டுகிறேன். உலக சுகாதார நிறுவனம் வகுத்த மாதிரியைத்தான் பெரும்பாலான நாடுகள் சிற்சில மாற்றங்களோடு வைத்திருக்கின்றன. முதல் பகுதியில் நான்கு வரிகள். மேல்வரியில், உயிரை நேரடியாகப் பறித்தது எதுவோ அது. அதற்குக் கீழே, அதை உண்டாக்கியது. அதற்கும் கீழே, அதை உண்டாக்கியது. சரியாக எழுதப்பட்ட ஒரு கொரோனா மரணம் இப்படி இருக்கும்: மேல்வரியில் ‘சுவாசச் செயலிழப்பு’, அடுத்த வரியில் ‘நிமோனியா’, அதற்கடுத்து ‘கோவிட்-19’. இரண்டாம் பகுதி தனி. சாவுக்குத் துணைபோன, ஆனால் இந்தச் சங்கிலியில் நேரடியாகச் சேராத நோய்களை அங்கே எழுத வேண்டும்: சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்றவை.

மருத்துவர் மேலிருந்து கீழே எழுதுவார். நாங்கள் கீழிருந்து மேலே படிப்போம். ‘இந்த ஓட்டத்தைத் தொடங்கிவைத்தது எது?’ என்பதுதான் எங்களுடைய ஒரே கேள்வி. அதற்கு அடிப்படைக் காரணம் என்று பெயர். ஊரார் தலையெழுத்து என்பார்கள். எங்கள் அறையில் அடிவரிதான் எழுத்து. அடிவரியில் கோவிட் என்று இருந்தால் யு07.1 என்ற குறியீட்டை இடுவோம். ஆய்வகத்தில் உறுதியாகவில்லை, ஆனால் அறிகுறிகளை வைத்து மருத்துவர் அப்படித்தான் முடிவு செய்கிறார் என்றால் யு07.2. இந்த இரண்டாவது குறியீட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு சகோதரிக்குப் பதில் சொல்லும்போது தேவைப்படும்.

வலது ஓரத்தில் ஒல்லியாக ஒரு பத்தி உண்டு. ஒவ்வொரு நோயும் தொடங்கியதிலிருந்து சாவு வரை எவ்வளவு காலம் என்று அதில் எழுத வேண்டும். 3 நாள், 9 நாள், 13 நாள்; இரண்டாம் பகுதியில் சர்க்கரைக்கு நேரே 20 ஆண்டு. அந்தப் பத்தி நிரம்பியிருந்தால் நோயாளியின் கடைசி இரண்டு வாரமும் கண்முன் வந்துவிடும். அதைத்தான் பலர் காலியாக விட்டுவிடுவார்கள்.

வேறு நோயால் இறந்தவர்களையும் கொரோனாவில் சேர்த்துவிட்டார்கள் என்று என் மாமனார் இன்றும் வாதிடுகிறார். ‘தொற்றால் இறந்தவர்’, ‘தொற்றோடு இறந்தவர்’ என்ற வேறுபாட்டைப் பார்த்தார்களா, இல்லையா?
– ஒரு வாசகி

மாமனார் முற்றிலும் தவறு என்று சொல்லமாட்டேன். அவருக்கு இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள்.

இங்கிலாந்தில் நடந்ததைப் பாருங்கள். 2020-இன் முதல் மாதங்களில் அங்கே பொதுச் சுகாதார அமைப்பு வைத்திருந்த விதி எளிமையானது. சோதனையில் தொற்று உறுதியான ஒருவர் எப்போது இறந்தாலும் அவர் கணக்கில் வருவார். மார்ச்சில் தொற்று வந்து, குணமாகி, ஜூலையில் பஸ் மோதி இறந்தாலும் வருவார். இரண்டு பட்டியல்களைக் கணினி பொருத்திப் பார்க்கும், அவ்வளவுதான். சாவுகள் குவிந்துகொண்டிருந்த ஏப்ரலில் இதனால் பெரிய பிழை ஏற்படவில்லை. குணமானவர்கள் பெருகப் பெருகத்தான் விதியின் ஓட்டை தெரிந்தது. ஆகஸ்ட் 12 அன்று, தொற்று உறுதியான 28 நாட்களுக்குள் இறந்தால் மட்டுமே கணக்கு என்று மாற்றினார்கள். பிரிட்டன் முழுமைக்குமான எண் 46,706-லிருந்து 41,329-க்கு இறங்கியது. ஒரே நாளில் 5,377 பேர் குறைந்தார்கள். இறந்தவர்கள் யாரும் திரும்பி வரவில்லை, கோடு நகர்ந்தது.

ஆனால் புதிய கோட்டிலும் ஒரு அநியாயம் இருக்கிறது. செயற்கைச் சுவாசத்தில் ஐந்து வாரம் போராடி 35-ஆம் நாள் இறந்தவர் அந்தக் கணக்கில் இல்லை. அதனால் 60 நாள் கணக்கு ஒன்றையும் தனியாக வெளியிட்டார்கள். அதே நாட்டின் புள்ளியியல் அலுவலகமோ சோதனையைப் பார்க்காமல், சான்றிதழில் கோவிட் என்று எழுதியிருந்ததை எண்ணியது. அந்த எண் இன்னும் பெரியது. ஒரே நாடு, ஒரே வாரம், மூன்று எண்கள். ஒன்றுகூடப் பொய் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020 ஏப்ரலில் சொன்ன விதியில் நாள் கணக்கு கிடையாது. நோயின் போக்கு கோவிடுக்குப் பொருந்த வேண்டும். நடுவில் முழுக்கக் குணமான இடைவெளி இருக்கக் கூடாது. விபத்து மாதிரி தெளிவான வேறு காரணம் இருந்தால் சேர்க்கக் கூடாது. நல்ல விதி. ஆனால் இதைக் கணினி பொருத்திப் பார்க்க முடியாது, ஒரு மனிதர் உட்கார்ந்து படிக்க வேண்டும். தினமும் மாலைக்குள் எண் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

அமெரிக்காவில் கொரோனாவால் மட்டும் இறந்தவர்கள் வெறும் 6 சதவீதம்தான் என்று அவர்களே ஒப்புக்கொண்டார்களாமே?
– கல்லூரி மாணவர்

தம்பி, ஒப்புக்கொள்ள அது குற்றமில்லை, அட்டவணை. 2020 ஆகஸ்ட் இறுதியில் அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்டது. கோவிட் குறிப்பிடப்பட்ட சான்றிதழ்களில் 6 சதவீதத்தில் வேறு எதுவுமே எழுதப்படவில்லை. மற்றவற்றில் சராசரியாக 2.6 நோய்நிலைகள் கூடவே எழுதப்பட்டிருந்தன. இதைத்தான் ‘மீதி 94 சதவீதம் வேறு நோயால் செத்தார்கள்’ என்று திரித்துப் பரப்பினார்கள்.

அந்த ‘வேறு’ என்பது என்ன தெரியுமா? அட்டவணையில் முன்னால் நிற்பவை நிமோனியாவும் சுவாசச் செயலிழப்பும். அதாவது கோவிட் கொல்லும் வழியே அவைதான். மேல்வரியில் இருக்க வேண்டியவை மேல்வரியில் இருந்தன. எங்கள் கண்ணுக்கு அந்த 94 சதவீதம்தான் ஒழுங்காக எழுதப்பட்ட படிவங்கள். வெறும் ‘கோவிட்’ என்று ஒற்றைச் சொல்லோடு வந்த 6 சதவீதத்தைப் பார்த்தால், ‘டாக்டருக்கு நேரமில்லை போலிருக்கிறது’ என்றுதான் முனகியிருப்பேன்.

பெருந்தொற்றுக்கு முன்பிருந்தே இதே முறைதான். மூதாட்டி ஒருவர் தடுக்கி விழுகிறார், இடுப்பெலும்பு முறிகிறது, ஆறு வாரம் படுக்கையில் கிடக்கிறார், சளி கட்டி நிமோனியாவில் இறக்கிறார். அடிப்படைக் காரணம் நிமோனியா அல்ல, விழுந்தது. இதை எதிர்த்து யாரும் கொடி பிடித்ததாக நினைவில்லை. சர்க்கரையோடு 20 ஆண்டு நடமாடியவர் தொற்று வந்த 13-ஆம் நாள் இறந்தால் மட்டும் சர்க்கரையால் செத்தார் என்று சொல்வது என்ன நியாயம்?

தொலைக்காட்சியில் தினமும் எண் சொன்னபோது கவனித்தேன். திங்கட்கிழமை சாவு குறையும், செவ்வாய் எகிறும். கிருமிக்கும் வார விடுமுறை உண்டா?
– ஒரு வாசகர்

கிருமிக்கு இல்லை, எழுத்தருக்கு உண்டு. சனி, ஞாயிறு படிவங்கள் தேங்கிச் செவ்வாயன்று மொத்தமாக ஏறும். தொலைக்காட்சி சொன்னது பெரும்பாலும் தகவல் வந்த நாளின் எண். இறந்த நாளின் எண் அல்ல.

இதில் நானே ஒருமுறை அசடு வழிந்திருக்கிறேன். வேலையில் சேர்ந்து மூன்றோ நான்கோ ஆண்டு. ஒரு காய்ச்சல் பருவத்தில் செவ்வாய்தோறும் கோபுரம் மாதிரி எழும் ஒரு வரைபடத்தைத் தயாரித்து, ‘வாரச் சந்தையில்தான் ஏதோ பரவுகிறது’ என்று ஒரு பக்கத்துக்கு விளக்கமும் எழுதி மேலதிகாரியிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு, ‘நம் தபால் பை எந்தக் கிழமை வருகிறது அம்மா?’ என்று மட்டும் கேட்டார். அன்று மாலையே எல்லாவற்றையும் இறந்த தேதிப்படி பிரித்து எழுதினேன். கோபுரம் தரைமட்டமாகிவிட்டது.

இறந்த தேதிப்படி எழுதினால் வேறொரு தொல்லை. கடந்த ஒரு வாரத்துக்கான கம்பங்கள் எப்போதும் குட்டையாக இருக்கும், படிவங்கள் இன்னும் வந்து சேராததால். பார்ப்பவர்கள் ‘அலை இறங்குகிறது’ என்று மகிழ்ந்துவிடுவார்கள். அதனால்தான் நல்ல வரைபடங்களில் கடைசி நாட்களைச் சாம்பல் நிறத்தில் காட்டுவார்கள். சாம்பலைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

ஒரே இரவில் சில நாடுகளின் சாவு எண்ணிக்கை தாவியதே, அதுவரை மறைத்தார்கள் என்றுதானே பொருள்?
– இரண்டு வாசகர்கள்

சில இடங்களில் மறைத்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முயன்ற அரசுகளுக்குக் குறைவில்லை. ஆனால் எண் தாவிய இடமெல்லாம் மறைத்த இடம் அல்ல. பெரும்பாலும் தேடத் தொடங்கிய இடம்.

பெரு நாட்டில் 2021 மே 31 அன்று 69,342 என்றிருந்த எண் 1,80,764 ஆயிற்று. நிபுணர் குழு ஒன்றை அமைத்து, ஆய்வகச் சோதனை ஒன்றையே நம்பாமல் நோய் அறிகுறிகள், நுரையீரல் படம், நோயாளியோடு இருந்த தொடர்பு, சான்றிதழில் எழுதியிருந்தது என்று பல அளவுகோல்களை வைத்துப் பழைய சாவுகளைத் திரும்பப் படித்தார்கள். சோதனைக் கருவி பற்றாத நாட்டில் ‘சோதனையில் உறுதியானால்தான் சாவு’ என்று விதி வைத்தால், கருவியின் பற்றாக்குறையைத்தான் எண்ணிக்கொண்டிருப்போம். நியூயார்க் நகரம் 2020 ஏப்ரல் 14 அன்று, சோதனை செய்யப்படாமலே இறந்த 3,700-க்கும் மேற்பட்டோரைச் சேர்த்து 10,000-ஐத் தாண்டியது. மூன்று நாள் கழித்து ஊகான் நகரம் 1,290 பேரைச் சேர்த்து 3,869 என்று அறிவித்தது. வீட்டில் இறந்தவர்கள் விடுபட்டார்கள், மருத்துவமனைகள் திணறியதால் தகவல் தாமதமாயிற்று என்பவை அவர்கள் சொன்ன காரணங்களில் சில.

எனக்குச் சந்தேகம் வருவது திருத்தியவர்கள் மேல் அல்ல. மூன்று ஆண்டுகளில் ஒருமுறைகூடத் திருத்தாதவர்கள் மேல்.

என் கணவர் 2020-இல் வீட்டிலேயே இறந்தார். ஆறு நாள் காய்ச்சல், கடைசி இரண்டு நாள் மூச்சுவிடச் சிரமப்பட்டார். சோதனை எடுக்கவில்லை. சான்றிதழில் ‘நிமோனியா’ என்று மட்டும் இருக்கிறது. அவர் எந்தக் கணக்கில் இருக்கிறார், அம்மா?
– பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி

சகோதரி, உங்கள் கடிதத்தை நான்கைந்து முறை படித்தேன். சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தினமும் அறிவித்த எண்ணில் அவர் இல்லை. சோதனையில் உறுதியானவர்களின் பட்டியலிலிருந்து எடுத்தது அது. சான்றிதழ்களில் கோவிட் என்று எழுதியிருந்ததைத் திரட்டிய கணக்கிலும் அவர் இல்லை. மருத்துவர் ‘நிமோனியா’வுக்குக் கீழே ‘கோவிட் என்று சந்தேகம்’ என்று ஒரு வரி எழுதியிருந்தால், நான் முதலில் சொன்ன யு07.2-இல் வந்திருப்பார். எழுதவில்லை. என்னைப் போல் குறியீடு இடுபவருக்கு அந்த வரியைத் தானாகச் சேர்க்கும் உரிமை கிடையாது. காய்ச்சல் ஆறு நாள் இருந்தது, தெருவில் நான்கு வீடுகளில் தொற்று இருந்தது என்பதெல்லாம் எங்கள் மேசைக்கு வராது. தாளில் இருப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த நோயாளி. ஆகவே ‘நிமோனியா, காரணக் கிருமி குறிப்பிடப்படவில்லை’ என்ற பழைய பெட்டிக்குள் அவர் போயிருப்பார்.

இது அவருக்கு மட்டும் நேர்ந்ததில்லை. 2009-இல் பரவிய பன்றிக் காய்ச்சலில் ஆய்வகத்தில் உறுதியான சாவுகள் உலகம் முழுவதும் சுமார் 18,500. பிறகு ஆய்வாளர்கள் மதிப்பிட்டபோது, முதல் ஓராண்டில் இறந்தவர்கள் 1,51,700-க்கும் 5,75,400-க்கும் இடையே இருக்கலாம் என்று வந்தது. நடுவில் விடுபட்டவர்கள் எல்லோரும் உங்கள் கணவர் போன ஏதோ ஒரு பெட்டிக்குள்தான் இருந்தார்கள்.

ஒரு கணக்கில் அவர் நிச்சயமாக இருக்கிறார். இறப்பைப் பதிவு செய்து சான்றிதழ் வாங்கினீர்கள் அல்லவா? அந்த வாரத்தில் எக்காரணத்தாலோ இறந்தவர்களின் மொத்தத்தில் அவர் ஒருவர். அடுத்த கேள்வியில் வரும் ‘கூடுதல் இறப்பு’ அந்த மொத்தத்திலிருந்து பிறப்பதுதான். அதில் யாருக்கும் நோயின் பெயர் கிடையாது, அதனால் யாரும் விடுபடுவதும் கிடையாது.

சான்றிதழைத் திருத்த முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கையெழுத்திட்ட மருத்துவர் இருக்கிறாரா, அன்றைய மருந்துச் சீட்டோ நுரையீரல் படமோ உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். காரணத்தை மாற்றுவதென்றால் மருத்துவர்தான் தொடங்க வேண்டும். பதிவு அலுவலகம் தானாகச் செய்யாது. நடைமுறை நாட்டுக்கு நாடு வேறுபடும். எழுத்தில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

‘கூடுதல் இறப்பு’ என்றால் இந்த ஆண்டுச் சாவிலிருந்து போன ஆண்டுச் சாவைக் கழிப்பதுதானே? அதற்கு ஏன் இவ்வளவு சண்டை?
– வங்கி ஊழியர்

கழித்தல்தான். எதிலிருந்து கழிப்பது என்பது தெரியும். எதைக் கழிப்பது என்பதில்தான் சண்டை.

முதலில் ஒரு பழங்கதை. 17-ஆம் நூற்றாண்டு லண்டனில் வாராவாரம் சாவுப் பட்டியல் அச்சிட்டு விற்றார்கள். காரணத்தைக் கண்டு சொல்வது மருத்துவர் அல்ல, ‘தேடுவோர்’ என்று அழைக்கப்பட்ட கிழவிகள். பிணத்தைப் பார்த்து வந்து எழுத்தரிடம் சொல்வார்கள். பிளேக் என்று சொன்னால் வீட்டைப் பூட்டிக் காவல் போட்டுவிடுவார்கள் என்பதால், கையில் கொஞ்சம் காசு வைத்தால் நோயின் பெயர் மாறிவிடும். ஜான் கிரான்ட் என்ற துணி வணிகர் 1662-இல் இந்தப் பட்டியல்களை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். பிளேக் ஆண்டுகளில் பிளேக் சாவு மட்டுமா கூடியிருக்கிறது, மற்ற நோய்களின் சாவும் வழக்கத்தைவிடப் பல ஆயிரம் கூடியிருக்கிறதே, அது எப்படி என்று கேட்டார். அவையும் பிளேக்தான், எழுதப்பட்டதைவிட நான்கில் ஒரு பங்கு அதிகமாகவே பிளேக்கில் இறந்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினார். கடைக்காரர் மூளை! பெட்டியில் இருக்க வேண்டிய தொகையும் இருக்கும் தொகையும் பொருந்தாவிட்டால் எங்கோ இடறுகிறது என்று அவருக்குத் தெரியும். 1847 லண்டன் இன்ஃபுளுயன்சாவில் வில்லியம் ஃபார் என்ற புள்ளியியலாளர் இதையே முறைப்படி செய்தார். நாம் இன்று கணினியில் செய்வதும் இதுதான்.

இப்போது உங்கள் கழித்தலுக்கு வருவோம். போன ஆண்டை மட்டும் எடுத்தால், அந்தக் குளிர்காலத்தில் காய்ச்சல் லேசாக இருந்திருக்கலாம். அப்போது தப்பிய முதியவர்கள் இந்த ஆண்டு எப்படியும் இறந்திருப்பார்கள். அதனால் ஐந்து ஆண்டுச் சராசரி எடுப்பார்கள். அதிலும் ஒரு கோளாறு. முதியோர் பெருகும் நாட்டில் தொற்றே இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஆண்டு சாவு கூடும். பழைய சராசரியைக் கழித்தால் இல்லாத சாவை இருப்பதாகக் காட்டும். ஆகவே போக்கை நீட்டிப் பார்த்து, ‘தொற்று வராமல் இருந்திருந்தால் இத்தனை பேர்’ என்று ஒரு கற்பனை ஆண்டை உருவாக்க வேண்டும். அந்தக் கோட்டை எப்படி வளைப்பது என்பதில் பெரிய நிபுணர்களே சறுக்கினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் முதல் மதிப்பீட்டில் ஜெர்மனிக்கான கோடு தேவைக்கு மேல் கீழே வளைந்துவிட்டது. விமர்சனம் வந்ததும் சரிசெய்தார்கள். ஜெர்மனியின் எண் நன்றாகவே குறைந்தது, ஸ்வீடனின் எண் சற்றுக் கூடியது.

2022 மே 5 அன்று அந்த நிறுவனம் வெளியிட்ட மொத்தம்: 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் உலகில் கூடுதலாக இறந்தவர்கள் சுமார் 1 கோடியே 49 லட்சம். துல்லியமாகச் சொல்வதானால் 1 கோடியே 33 லட்சத்துக்கும் 1 கோடியே 66 லட்சத்துக்கும் இடையில். நாடுகள் கோவிட் என்று அறிவித்தவை சுமார் 54 லட்சம். இந்தியாவுக்கு 47 லட்சம் என்று மதிப்பிட்டார்கள். அரசு அறிவித்திருந்தது 4.8 லட்சம். கணித மாதிரியை வைத்து மதிப்பிட்டதை இந்திய அரசு ஏற்கவில்லை, எழுத்திலேயே மறுத்தது. மாதவாரி இறப்புக் கணக்கு முழுமையாக வராத நாடுகளுக்கு மாதிரியைத் தவிர வேறு வழியில்லை என்பது மறுபக்கம். யார் பக்கம் நியாயம் என்று என்னைக் கேட்டால், பதிவேடுகளைத் திறந்துவைப்பவர் பக்கம் என்பேன்.

இன்னொன்று. கூடுதல் இறப்பு எல்லாமே கிருமியால் வந்தவை அல்ல. நெஞ்சுவலி வந்தும் மருத்துவமனைக்குப் போகப் பயந்து வீட்டில் இறந்தவரும் அதில் உண்டு. ஊரடங்கில் சாலை வெறிச்சோடியதால் விபத்தில் இறக்காமல் தப்பியவர் அதே கணக்கில் கழிந்துவிடுவார். நியூசிலாந்தில் 2020-இல் கழித்தால் விடை பூஜ்ஜியத்துக்குக் கீழே போயிற்று. எல்லையை மூடியதால் வழக்கமான குளிர்காலக் காய்ச்சலும் உள்ளே வரவில்லை. பெருந்தொற்று ஆண்டில் எதிர்பார்த்ததைவிடக் குறைவான சாவு!

மருத்துவரே பார்க்காமல் இறப்பவர்களின் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?
– செவிலியர் பயிற்சி மாணவி

உலகில் பத்தில் நான்கு சாவுகள் பதிவே ஆவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது. அங்கெல்லாம் கேட்டறிவதுதான் வழி. வாய்மொழிப் பிரேதப் பரிசோதனை என்று இதற்குப் பெயர்; பெயர்தான் பயங்கரம், கத்தி கிடையாது. பயிற்சி பெற்ற ஒருவர், துக்கம் சற்று ஆறும்வரை பொறுத்திருந்து அந்த வீட்டுக்குப் போவார். வகுக்கப்பட்ட கேள்விகளை வரிசையாகக் கேட்பார். காய்ச்சல் எத்தனை நாள்? இருமல் வறட்டு இருமலா? மூச்சு வாங்கியபோது உட்கார்ந்திருந்தாரா, படுத்திருந்தாரா? பதில்களை மருத்துவர்களோ கணினி நிரலோ படித்து, இன்ன காரணமாக இருக்கலாம் என்று வகைப்படுத்துவார்கள்.

இரண்டு முறை நானும் உடன் போயிருக்கிறேன். ஒரு வீட்டில் மூத்த மகன்தான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார், நன்றாகவும் சொன்னார். எழுந்து புறப்படும்போது கதவருகில் நின்றிருந்த மருமகள் மெதுவாக, ‘கடைசி மூன்று ராத்திரியும் அவரால் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்க முடியவில்லை’ என்றார். மகனுக்கு அது தெரியவில்லை. இரவில் உடன் இருந்தவர் அந்தப் பெண்தான். மறுபடி உட்கார்ந்து முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்தோம். உன் வேலையில் இது உதவும் மகளே: பேசுகிறவரிடம் கேட்காதே, பார்த்துக்கொண்டவரிடம் கேள்.

கேட்கக்கூட முடியாத இடங்களும் உண்டு. போர் நடந்துகொண்டிருந்த ஏமனின் ஏடன் நகரில், கல்லறைத் தோட்டங்களின் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துப் புதிய குழிகளை எண்ணினார்கள்.

எந்த நாடு மோசம், எந்த நாடு மேல் என்று பத்திரிகையில் வந்த பட்டியல்களை நம்பலாமா?
– ஒரு வாசகர்

நான் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிடுவேன். பெல்ஜியம் முதியோர் இல்லங்களில் சந்தேகத்துக்குரிய சாவுகளையும் முதலிலிருந்தே சேர்த்தது. பட்டியலில் உச்சத்தில் போய் உட்கார்ந்தது. பிரான்ஸ் முதல் சில வாரங்கள் மருத்துவமனைச் சாவுகளை மட்டும் சொன்னது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வண்ணம் தீட்டி என்ன பயன்?

31 ஆண்டுகள் சாவுகளையே படித்துக்கொண்டிருந்தீர்களே, மனம் மரத்துப்போகவில்லையா?
– ஒரு வாசகி

மரத்துப்போவதற்குள் கோபம் வந்துவிடும். ‘இதயம் நின்றுவிட்டது’ என்று மட்டும் எழுதி அனுப்புவார்கள். அது சாவின் காரணம் அல்ல, சாவின் வரையறை. ஒருமுறை ஒரு படிவத்தில் நான்கு வரிகளிலும் அதையே எழுதியிருந்தார் ஒரு இளம் மருத்துவர். தொலைபேசியில் அழைத்து, ‘டாக்டர், இதயம் நிற்காமல் யாராவது இறந்து பார்த்திருக்கிறீர்களா?’ என்றேன். அவருக்குக் கோபம். ‘மேடம், இங்கே வெளியே 60 பேர் காத்திருக்கிறார்கள்’ என்று வைத்துவிட்டார். அதன் பிறகும் விடவில்லை; அவருடைய படிவம் வரும்போதெல்லாம் அழைப்பேன். இரண்டு ஆண்டில் திருந்தினார், அல்லது என் குரலுக்குப் பயந்தார்.

2020-இல் ஒருநாள் இரவு பதினோரு மணிக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது. ‘மேடம், நோயாளி இறந்து ஒரு மணி நேரம் ஆகிறது. சோதனை முடிவு வரவில்லை, வருமா என்றும் தெரியவில்லை. நுரையீரல் படம் அப்படியே அதுதான். மேலிடத்தில் உறுதியானால்தான் எழுத வேண்டும் என்கிறார்கள். அடிவரியில் என்ன எழுதட்டும்?’

‘அதை நான் சொல்லக் கூடாது டாக்டர்’ என்றேன். ‘நீங்கள் என்ன நினைக்கிறீர்களோ அதை எழுதுங்கள். சந்தேகம் என்றால் சந்தேகம் என்றே எழுதுங்கள், அதற்கும் எங்களிடம் ஒரு குறியீடு இருக்கிறது.’ அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பின்னால் யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. ‘சரி மேடம்’ என்று வைத்துவிட்டார்.

ஐந்தாம் நாள் அந்தப் படிவம் என் மேசைக்கு வந்தது. கையெழுத்து கோணலாக இருந்தது. வலது ஓரப் பத்தி நிரம்பியிருந்தது: 7 மணி நேரம், 4 நாள், 8 நாள்.